தனி வடிவமா, பொது வடிவமா: எஸ்.டி. கார்டில் இருந்தும் திறக்காத பதினொரு மணி நேரப் பாட்டு

கோத்தகிரி வாத்தியார்:

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். 2009 முதல் 2012 வரை, கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) வயது முதிர்ந்த படுகர் பெண்கள் பாடிய கதைப்பாடல்களைச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து வந்தேன். மொத்தம் பதினொரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பாடியவர்களில் இருவர் மட்டுமே இன்று இருக்கிறார்கள். அவர்களாலும் இப்போது தொடர்ந்து பாட இயலாது. படுக மொழிக்கெனப் பரவலாக வழங்கும் தனி எழுத்து இல்லாததால் நான் தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்புகளில் சொல் இருக்கிறது, இழுப்பும் நிறுத்தமும் இல்லை.

சிக்கல் இதுதான். பதிவுகள் இரண்டு எஸ்.டி. கார்டுகளில் உள்ளன. கார்டை என் மகனின் மடிக்கணினியில் செருகினால் கோப்புகள் வரிசையாகத் தெரிகின்றன. பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் எந்த பிளேயரிலும் அவை திறப்பதில்லை. ரெக்கார்டருடன் வந்த குறுந்தகட்டிலிருக்கும் மென்பொருளில் மட்டுமே அவை ஒலிக்கும். அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது; புதிய கணினியில் நிறுவவே மறுக்கிறது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்த வகைக் கருவிக்கான ஆதரவை நிறுத்திவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. புகார் சொல்லும்போது நிறுவனப் பெயர் கூடாது என்ற நம் குழு விதிப்படி பெயரை எழுதவில்லை. ரெக்கார்டரோ பேட்டரி கசிந்து எட்டு ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கிறது.

"எஸ்.டி. கார்டு உலகத்துக்கே பொதுவானதுதானே, பிறகு ஏன் திறக்கவில்லை?" என்று மகன் கேட்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. நிறுவனத்தின் தனி வடிவம் என்று பலரும் குறைப்பட்டுக்கொள்வது கார்டைப் பற்றியா, கோப்பைப் பற்றியா?

குன்னூர் ஸ்டூடியோ:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ரெக்கார்டரைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கார்டுகளைப் பற்றி என்னால் கொஞ்சம் சொல்ல முடியும். என் ஸ்டூடியோ மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கார்டுகளும் ரீடர்களும் கிடக்கின்றன. கல்யாண ஆல்பம் மறுபடி வேண்டும் என்று யாராவது பழைய கார்டோடு வந்து நின்றால் அந்த டின்னைக் கவிழ்த்துத் தேடுவேன்.

அதில் மிகப் பழையது காம்பாக்ட்ஃப்ளாஷ். சான்டிஸ்க் நிறுவனம் 1994-இல் கொண்டுவந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், தடிமன் குறைவு. அதன் உள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. கணினியின் பார்வையில் அது ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும். அதனால்தான் இன்றைக்கும் மலிவான ரீடர் ஒன்றிலேயே அது திறக்கிறது. அதன் ஒரே தொல்லை, ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஐம்பது ஊசிகள். அவசரத்தில் சாய்த்துச் செருகினால் ஒன்று வளையும். அதை இடுக்கியால் நிமிர்த்துவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

அடுத்த ஆண்டு தோஷிபா கொண்டுவந்த ஸ்மார்ட்மீடியா இதற்கு நேர்மாறு. அது முக்கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள வெறும் நினைவகச் சில்லு. கணக்கு வழக்கு முழுவதையும் கேமராவே பார்த்துக்கொள்ள வேண்டும். 128 எம்.பி.யோடு அதன் வளர்ச்சி நின்றது. அதற்குப் பின் 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்.டி. பிக்சர் கார்டிலும் கட்டுப்பாட்டுச் சில்லு கிடையாது. அது 2 ஜி.பி.யைத் தாண்டவில்லை. ஒலிம்பஸ் கேமராக்களில் அகலப்படம் எடுக்கும் வசதி, ஒலிம்பஸ் பெயர் போட்ட எக்ஸ்.டி. கார்டு இருந்தால்தான் வேலை செய்யும் என்பது அந்தக் காலத்து ஒளிப்படக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த கதை.

சோனியின் மெமரி ஸ்டிக் 1998-இல் வந்தது. சூயிங்கம் பட்டை அளவு. முதல் வகை 128 எம்.பி.யோடு நின்றதால் புரோ வந்தது. குட்டியாக டுவோ, அதைவிடக் குட்டியாக எம்2 என்றும் வந்தன. சோனியின் கேமரா, கைபேசி, பி.எஸ்.பி. விளையாட்டுக் கருவி எல்லாவற்றிலும் இதே குடும்பம்தான். 2010 ஜனவரியில் சோனியே தன் கேமராக்களில் எஸ்.டி. கார்டையும் ஏற்கத் தொடங்கியது. அன்றைக்கே முடிவு தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அடுத்து வந்த விட்டா என்ற விளையாட்டுக் கருவிக்கு மறுபடியும் யாருக்கும் பொருந்தாத ஒரு புதிய கார்டைச் செய்தார்கள். அமெரிக்காவில் 32 ஜி.பி. கார்டு நூறு டாலர் வாக்கில் விற்றது. பிற்பாடு ஆர்வலர்களே விளையாட்டு அட்டை போடும் துளையில் மைக்ரோ எஸ்.டி.யைச் செருக ஓர் அடாப்டர் செய்துகொண்டார்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். 1998-இல் "பொதுத் தரம்" என்று ஒன்று எங்கே இருந்தது? ஆளுக்கொரு பாதை வெட்டினார்கள். ஒரு பாதையில் கூட்டம் சேர்ந்தது. தோற்ற பாதையை வெட்டியவனை மட்டும் பேராசைக்காரன் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேவாலா மழைக்காரன்:

ஸ்டூடியோ அண்ணன் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஐயா, உங்கள் மகனின் கேள்விக்கு என்னாலான விடை இது. (நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், மழை கொட்டும் மாதங்களில் மட்டும் ஊருக்கு வருகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.)

ஒரு பதிவை எடுத்துக் கேட்பதற்கு மூன்று கதவுகளைக் கடக்க வேண்டும். முதல் கதவு கார்டின் உடல் வடிவமும் மின்தொடர்பும். இரண்டாவது, கார்டுக்குள் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் வைத்திருக்கும் கோப்பு முறைமை. மூன்றாவது, கோப்புக்குள் ஒலியோ படமோ எந்த முறையில் சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது என்பது. உங்களுக்கு முதல் இரண்டு கதவுகளும் திறந்துவிட்டன. அதனால்தான் பெயரும் அளவும் தெரிகின்றன. மூன்றாவது கதவின் சாவி அந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் ரெக்கார்டரின் உள்ளேயும் மட்டுமே இருக்கிறது. கருவியின் அட்டைப்பெட்டியில் எஸ்.டி. சின்னத்தைப் பார்த்துத் திருப்தி அடைகிற நாம் இந்த மூன்றாவது கதவைப் பற்றிக் கடையில் கேட்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பொது" என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். எஸ்.டி.யே பொதுச்சொத்து இல்லை. 1999-இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் கூடி உருவாக்கியது, எஸ்.டி. கார்டோ அதை ஏற்கும் கருவியோ தயாரிப்பவர்கள் உரிமம் பெற வேண்டும். அதன் பெயரிலுள்ள முதல் எழுத்து "பாதுகாப்பான" என்பதைக் குறிக்கிறது. அந்தப் பாதுகாப்பு நம் தரவுக்கானது என்று நினைத்துவிட வேண்டாம், இசை நிறுவனங்களின் பாடல்கள் நகலாகாமல் காப்பதற்காகச் சேர்த்தது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகளுக்கு விதித்த எக்ஸ்ஃபாட் கோப்பு முறைமை மைக்ரோசாஃப்டின் காப்புரிமைக்குள் இருந்தது. 2019 ஆகஸ்டில்தான் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டார்கள், அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் (மையப் பகுதி) 5.4-இல் அதற்கான இயக்கி சேர்ந்தது. நாம் எல்லோரும் பொதுவென்று எண்ணிய எம்.பி.3-க்கும் 2017 வரை உரிமக் கட்டணம் இருந்தது. குரல் பதிவுக்காக கிரண்டிக், ஒலிம்பஸ், பிலிப்ஸ் மூன்றும் சேர்ந்து வரையறுத்த டி.எஸ்.எஸ். வடிவத்தின் பெயரிலேயே "தரம்" என்ற சொல் இருக்கிறது, ஆனால் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை அதைத் திறக்கத் தெரியாதவை.

அதனால் நான் பார்க்கும் அளவுகோல் வேறு: உருவாக்கியவன் கடையை மூடிவிட்டுப் போனாலும் வேறொருவரால் அதைப் படிக்க முடியுமா? எம்.பி.3 உரிமத்துக்கு உட்பட்டிருந்த நாளிலேயே ஆயிரம் பேர் அதற்கு பிளேயர் எழுதியிருந்தார்கள். உங்கள் கோப்புக்கு ஒருவர்கூட எழுதவில்லை என்றால், அங்கேதான் வித்தியாசம். கோப்பின் பின்னொட்டு டி.எஸ்.எஸ். என்றால் சொல்லுங்கள், எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள் அதன் ஒரு வகையைத் திறக்கும்.

கோத்தகிரி வாத்தியார்:

தம்பி, என் கோப்புகளின் பின்னொட்டு அது இல்லை. நீங்கள் சொன்ன மென்பொருளிலும் மகன் முயன்று பார்த்துவிட்டான். மூன்று கதவு விளக்கம் அவனுக்கு உடனே பிடிபட்டது.

மசினகுடிக்காரர்:

நான் காட்டில் தானியங்கிக் கேமரா கட்டும் ஆய்வாளர்களுக்கு உதவியாளாக இருப்பவன். முதல் கதவு பொதுவாக இருப்பதன் அருமையை நேரில் கண்டிருக்கிறேன்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஒரு கேமராவை யானை மரத்திலிருந்து பிடுங்கி மிதித்துவிட்டது. யானைக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் ஏனோ ஆகாது. மூடி நொறுங்கி, வில்லை உடைந்து, பேட்டரிகள் சேற்றில் சிதறிக் கிடந்தன. கார்டு மட்டும் அதன் துளைக்குள் அப்படியே இருந்தது. துடைத்துக் காயவைத்து ஜீப்பிலிருந்த மடிக்கணினியில் போட்டோம். நாற்பது நாள் படங்களும் ஜேபெக் கோப்புகளாகத் திறந்தன, கடைசிப் படத்தில் தும்பிக்கை நுனி மட்டும் நிறைந்திருந்தது. படங்கள் கேமராவின் உள் நினைவகத்தில் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்குச் சேற்றை அள்ளிக்கொண்டு திரும்பியிருப்போம்.

ஆனால் அந்தப் பொதுத் தரமும் தன் பழைய பிள்ளைகளைக் கைவிடுகிறது. முதலில் வந்த எஸ்.டி. 2 ஜி.பி. வரை. 2006-இல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. 32 ஜி.பி. வரை. 2009-இல் அறிவித்த எஸ்.டி.எக்ஸ்.சி. 2 டி.பி. வரை. மூன்றும் ஒரே துளையில் வழுக்கிக்கொண்டு போகும். பழைய கருவி புதிய கார்டைப் படிக்காது. நாங்கள் ஒருமுறை 128 ஜி.பி. கார்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு மாயாற்றங்கரை வரை நடந்துபோய்க் கேமராவைத் திறந்தால், "கார்டு பிழை" என்று ஒரே வரி. வாங்கும்போது கார்டின் வடிவத்தைப் பார்த்தோமே தவிர அதன் மேல் அச்சிட்ட சின்ன எழுத்துகளைப் பார்க்கவில்லை. ஐயா, உங்கள் ரெக்கார்டருக்கு என்ன கார்டு பொருந்தும் என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊட்டி மொபைல் சர்வீஸ்:

வாரத்துக்கு ஒருவராவது என் கடைக்கு வந்து, "போன் உடைந்துவிட்டது, பரவாயில்லை, போட்டோ எல்லாம் கார்டில் இருக்கிறது" என்று மைக்ரோ எஸ்.டி.யை நீட்டுவார்கள். அதை ரீடரில் போட்டால் "ஃபார்மட் செய்யவா?" என்று கணினி கேட்கும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, கார்டைப் போனின் உள் நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்தால் கார்டு முழுவதும் மறையாக்கம் ஆகிவிடும். அதற்கான சாவி அந்தப் போனுக்குள்ளேயே இருக்கும். போனின் போர்டு எரிந்துபோனால் சாவியும் போயிற்று. கார்டும் பொது, உள்ளே இருக்கும் படமும் சாதாரண ஜேபெக், ஆனாலும் ஒன்றையும் எடுக்க முடியாது. தேவாலாத் தம்பியின் கணக்கில் இதை நான்காவது கதவு என்று வைத்துக்கொள்ளலாம். போன் தொலைந்து யார் கையிலாவது சிக்கும்போது அந்தப் பூட்டு நம்மைக் காப்பாற்றும் என்பதையும் மறுக்கவில்லை. அமைப்பின்போது வரும் கேள்வியைப் படிக்காமல் "சரி" என்று அழுத்துவதால் வரும் வினைதான் இது.

பொது வடிவத்தின் இன்னொரு தலைவலி போலி. பலரும் செய்து விற்கும் பொருள் என்பதால், 8 ஜி.பி. சில்லில் 256 ஜி.பி. என்று பொய் சொல்லும்படி எழுதி விற்கிறார்கள். முதல் 8 ஜி.பி. வரை ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் எழுதுவதெல்லாம் வெற்றிடத்துக்குப் போகும் அல்லது பழையதை அழிக்கும். சந்தையில் வாங்கிய எந்தக் கார்டையும் எஃப்3 அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரல் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் கொடுக்கிறேன்.

வாத்தியார் ஐயா, ரெக்கார்டரை மறுபடி உயிர்ப்பிக்க முடியும் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள்.

குன்னூர் ஸ்டூடியோ:

போலிக் கார்டைப் பற்றி நண்பர் எழுதியதால் மறுபடி எழுதுகிறேன். தனி வடிவத்தை வைத்திருந்தவர்கள் அதைச் செய்தவர்களின் தரத்தையும் கையில் வைத்திருந்தார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். என் டின்னில் இருக்கும் மெமரி ஸ்டிக் எல்லாம் இன்றும் படிக்கின்றன, செத்துப்போன எஸ்.டி. கார்டுகளை எண்ணினால் இரண்டு கை போதாது.

ஆனால் மூன்றாவது கதவில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. கேமராக்களின் ரா கோப்புகள் (ஜேபெக் ஆக்குவதற்கு முந்தைய மூலப் பதிவு) நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் வேறு. 2005-இல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் ரா கோப்பில் வெள்ளைச் சமநிலை விவரத்தை மறையாக்கம் செய்தபோது ஒளிப்பட உலகில் பெரிய சலசலப்பு எழுந்தது. படம் எடுத்தவன் நான், அதன் வெள்ளை எது என்ற விவரம் மட்டும் எனக்குச் சொந்தமில்லையா என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அடோபி டி.என்.ஜி. என்ற பொது ரா வடிவத்தை வெளியிட்டிருந்தது. பென்டாக்ஸும் லைக்காவும் கேமராவிலேயே அதைத் தந்தன, கேனான், நிக்கான் என்ற பெரியவர்கள் இருவரும் அசையவில்லை. டேவ் காஃபின் என்ற தனிமனிதர் 1997-இலிருந்து எழுதிய டிசிரா என்ற சின்ன நிரல்தான் இன்றுவரை பல பழைய ரா கோப்புகளுக்குக் கதி.

தேவாலா மழைக்காரன்:

அண்ணன் சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். நமக்கு இது புதிதும் இல்லை. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தமிழில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு இருந்தது. ஒன்றில் தட்டச்சு செய்ததை இன்னொன்றில் திறந்தால் கொக்கியும் கோடுமாகத் தெரியும். அச்சகங்களில் அப்படி முடங்கிக் கிடந்தவற்றை மீட்டது, யார் யாரோ ஓய்வு நேரத்தில் எழுதிய எழுத்துரு மாற்றிகள். ஐயாவின் ரெக்கார்டருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

ஊட்டி மொபைல் சர்வீஸ்:

மாற்றி இல்லாவிட்டால் என்ன, கருவியே மாற்றியாகட்டும். ஐயா நேற்று ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். பேட்டரி அறையில் வெள்ளைப் பொருக்கு கட்டி, ஒரு ஸ்பிரிங் கையோடு உதிர்ந்து வந்தது. அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டுத் தொட்டுக் கரைத்தேன், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். உதிர்ந்த ஸ்பிரிங்குக்குப் பழைய டி.வி. ரிமோட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். திரை எரிந்தது, பாட்டும் வந்தது.

எல்லாரும் படிக்க வழிமுறையை இங்கேயே எழுதுகிறேன். ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரைக் கணினிக்கு இழுத்து, அது பாடப் பாட ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிய வேண்டும். மடிக்கணினியின் மைக் துளை இதற்குச் சரிவராது. லைன்-இன் (வெளிக் கருவியின் ஒலியை ஏற்கும் துளை) உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஒலி மேம்பாடு என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள்; அது பேச்சைத் தெளிவாக்குகிறேன் என்று பாட்டின் இழுப்பை இரைச்சலாக நினைத்து வெட்டிவிடும். ரெக்கார்டரின் ஒலியளவு முக்கால் பங்குக்குக் கீழே, மீட்டர் சிவப்பைத் தொடாமல் இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று வேவ் கோப்பாகச் சேமித்தால் மணிக்குச் சுமார் 318 எம்.பி. ஆகும்; பதினொரு மணி நேரத்துக்கு மூன்றரை ஜி.பி. போதும். கைபேசியை ஒயருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கோத்தகிரி வாத்தியார்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பதினொரு மணி நேரப் பாட்டைப் பதிய பதினொரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. முதல் நாள் எல்லாப் பதிவிலும் "ம்ம்" என்று ஒரு அடிநாதம் கேட்டது. இங்கே வடகிழக்குப் பருவமழை. மாலையில் மின்சாரம் போனது, அந்த அடிநாதமும் போயிற்று. மடிக்கணினியின் சார்ஜர்தான் குற்றவாளி என்று பிறகு புரிந்தது. அதிலிருந்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டே பதிந்தேன்.

ஒரு கோப்பு மட்டும் தொல்லை கொடுத்தது. 2010 டிசம்பரில் பதிந்த நீண்ட கதைப்பாடல். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ரெக்கார்டர் திகைத்து நின்றுவிடும். மூன்று முறை முயன்றேன். கார்டில்தான் பழுது என்று மகன் சொன்னான்; மடிக்கணினி பலமுறை முயன்று எப்படியோ அந்தக் கோப்பை முழுவதும் நகலெடுத்துவிட்டது. அதை இன்னொரு கார்டில் போட்டு ரெக்கார்டரில் செருகலாம் என்றால், வீட்டிலிருந்த 16 ஜி.பி. கார்டை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மசினகுடி நண்பர் எச்சரித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2 ஜி.பி. கார்டு இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று ஸ்டூடியோ நண்பரை அழைத்தேன்; பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஒன்றைத் தேடி, கோத்தகிரி பேருந்தில் தெரிந்த நடத்துநரிடம் கொடுத்தனுப்பினார். அதில் இருபத்து மூன்றாவது நிமிடத்தைத் தாண்டிப் பாட்டு முடிவு வரை போனது.

இப்போது முப்பத்தெட்டு வேவ் கோப்புகள் உள்ளன: ஒரு நகல் என்னிடம், ஒன்று மகனிடம், ஒன்று ஹட்டித் தலைவர் வீட்டுக் கணினியில். உயிரோடிருக்கும் பாட்டிகளில் ஒருவரின் பட்டன் போனில் கார்டு இருந்ததால், எம்.பி.3 ஆக மாற்றி அதில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே பேத்தியை விட்டுப் பேசச் சொன்னார். அந்த நீண்ட பாட்டில் முதலடி எடுப்பது தன் அக்கா என்று நான் எழுதியிருப்பது தவறாம். அது அக்காவின் மாமியார், அக்கா அன்றைக்கு வரவே இல்லையாம். கோப்பின் பெயரை மூன்று நகலிலும் மாற்றிவிட்டேன்.